மொட்டை மாடிக்கு வந்த வாடகை

பூந்தமல்லியில் டிரங்க் ரோடு ஓரமாக மாடி வீடு வைத்திருக்கும் பலரிடமும் இந்தக் கேள்வி வந்திருக்கும்: "மொட்டை மாடியை வாடகைக்கு விடுவீங்களா?" குடியிருக்க இல்லை, விளம்பரப் பலகை வைக்க.

எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். கையில் டேப்பும் செல்போனுமாக ஓர் இளைஞர் மாடிக்குப் போய் நாலு பக்கமும் படம் எடுத்தார். "ஐயா, கரையான்சாவடி பக்கம் இருந்து வர்ற வண்டிக்கெல்லாம் உங்க மாடி நேரா தெரியுது. நல்ல வியூ" என்றார். இத்தனை வருடமாக அந்த மாடியில் ஏறி இறங்குகிறேன், அதற்கு இப்படியொரு பெருமை இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. மாதம் அவர் சொன்ன தொகை என் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு வரும். என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். "அப்போ வடாம் எங்க காயப்போடறது?" அதற்கு அவரிடம் பதில் இல்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று நான் அனுப்பி வைத்தேன். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்த வாக்கியம் தானாக வாயில் வரும்.

யோசிக்கவும் செய்தேன். பலகை விஷயத்தில் எனக்கு ஒரு பழைய ஆர்வம் உண்டு. அது புதுச்சேரியில் சிறுவனாக இருந்தபோது ஆரம்பித்தது.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு நீளமான மஞ்சள் சுவர். அதில் கறுப்பு எழுத்தில் 'தெஃபான்ஸ் தாஃபிஷே' என்று எழுதி, கீழே '1881 ஜூலை 29 சட்டம்' என்று போட்டிருக்கும். இங்கே நோட்டீஸ் ஒட்டாதே என்று அர்த்தம். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட வாசகங்களில் அதுவும் ஒன்று. 1954 நவம்பரிலேயே ஊரின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டில் நடந்தது. சுவரிலிருந்த எழுத்து மட்டும் அசையவில்லை. வாத்தியார் ஒருவர் வகுப்பில் கேட்டார்: "அது என்ன சட்டம், யாருக்காவது தெரியுமா?" நாங்கள் எல்லோரும் நோட்டீஸ் ஒட்டுவதைத் தடுக்கும் சட்டம் என்றோம். அவர் சிரித்துவிட்டு, "அது பத்திரிகைச் சுதந்திரச் சட்டம்" என்றார்.

உண்மைதான். அச்சடிப்பதற்கும் புத்தகம் விற்பதற்கும் பிரான்சில் சுதந்திரம் கொடுத்த சட்டம் அது. காலனிகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே இருக்கிறது. நீ எதை வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள், ஆனால் எந்தச் சுவரில் ஒட்டுகிறாய் என்பதைக் கேட்போம் என்கிறது. அதில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. அரசாங்க அறிவிப்புகளை மட்டும்தான் வெள்ளைக் காகிதத்தில் அச்சடிக்கலாம். மற்றவர்கள் கலர் காகிதத்துக்குப் போக வேண்டும். படிக்கத் தெரியாதவனும் தூரத்திலிருந்தே பார்த்து இது சர்க்கார், இது சினிமா என்று பிரித்துக்கொள்ளலாம் அல்லவா!

பின்னாளில் 1979இல் பிரான்சில் பலகைகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. என் வகுப்புத் தோழன் ஒருவன் அங்கே குடியேறியவன். அவன் வீட்டு வெளிச்சுவரில் பலகை வைக்க ஆள் வந்தபோது நடந்ததைக் கடிதத்தில் எழுதியிருந்தான். ஊருக்குள் ஒரு வீட்டுச் சுவரில் விளம்பரம் வைக்க வேண்டுமானால் அது 'குருட்டுச் சுவராக' இருக்க வேண்டுமாம். அதாவது ஜன்னல் இல்லாத சுவர், அல்லது அரை சதுர மீட்டருக்கும் குறைவான திறப்பு மட்டும் உள்ள சுவர். ஜன்னல் உள்ள சுவர் மனிதர்களுக்கு, மற்றது வியாபாரத்துக்கு. இவ்வளவு நேரான விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பிரதான சாலையில் இரண்டாவது மாடியில் இருந்தது. அவர்கள் ஹாலுக்கு முன்னால் ஒரு பெரிய பலகையின் முதுகு. பகல் பன்னிரண்டு மணிக்கு டியூப்லைட் எரியும். வீட்டுக்காரருக்கு இரண்டு வாடகை வந்தது, குடியிருந்தவர்களுக்கு ஒரு ஜன்னல் குறைந்தது.

எழுபதுகளில் நான் வேலைக்காகச் சென்னைக்கு வந்தபோது மவுண்ட் ரோட்டில் பலகைகளைக் கையால் வரைந்துகொண்டிருந்தார்கள். சாரத்தில் நாலைந்து பேர் தொங்கிக்கொண்டு, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒருவர் நடிகரின் மீசையும் இன்னொருவர் கன்னமும் போடுவார்கள். ஒரு முகம் முடியப் பல நாள் ஆகும். வரைய நேரமும் பணமும் ஆனதே அந்தக் காலத்தில் ஒரு கட்டுப்பாடு. ஃபிளெக்ஸ் வந்ததும் அது போயிற்று. ராத்திரி கொடுத்தால் காலையில் நாற்பது அடி முகம் தயார்.

நம் மாநிலத்தில் பலகைக்கான உரிமம் பற்றி 1998இல் சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் திருத்தம் வந்தது. 2003இல் விதிகள் வந்தன. பள்ளிக்கூடம், கோயில், உள்நோயாளிகள் இருக்கும் ஆஸ்பத்திரி இவற்றுக்கு எதிரே கூடாது, சாலை முனையிலிருந்து இரண்டு பக்கமும் 100 மீட்டருக்குள் கூடாது, சரித்திரச் சின்னங்களின் முன்னால் கூடாது. விளம்பர நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. அவர்களுடைய வாதங்களில் ஒன்று நம்மைப் போன்ற வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. பலகை நிற்பது தனியாருடைய கட்டிடத்தில், தனியார் இடத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2008இல் தீர்ந்தது. தனியார் மாடியில் நின்றாலும் அது பொதுச் சாலையைப் பார்த்துத்தான் நிற்கிறது, வண்டி ஓட்டுபவரின் கவனத்தைத் திருப்புகிறது, அந்தக் கட்டிடத்துக்கே ஆபத்தாகலாம், ஆகவே உரிமம் கேட்பது சரி என்று நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு அண்ணா சாலையில் மாடி மாடியாகக் காஸ் கட்டர் வைத்து இரும்பை அறுத்தார்கள். பஸ்ஸில் போனபோது திடீரென்று ஆகாயம் தெரிந்தது. இந்தக் கட்டிடம் இவ்வளவு பழசா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

பிரேசில் நாட்டு சாவ் பாவ்லோ இன்னும் ஒரு படி போய், 2007இலிருந்து வெளிப்புற விளம்பரமே கூடாது என்று சட்டம் போட்டது. ஏறக்குறைய 15,000 பலகைகள் இறங்கின. நமக்கு அந்த அளவு வேண்டாம் என்பது என் எண்ணம். பலகை தொழிலை நம்பிப் பெயிண்டர், வெல்டர், சாரம் கட்டுபவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

நீதிமன்றம் சொன்னவற்றில் எல்லோரும் பேசுவது போக்குவரத்தையும் ஊர் அழகையும்தான். 'கட்டிடத்துக்கே ஆபத்து' என்பதை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

எங்கள் உறவில் ஒரு சிவில் இன்ஜினீயர் இருக்கிறார். அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கணக்குக் கேட்டேன். சென்னைக்குக் கட்டிடம் வடிவமைப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் இந்தியத் தர நிர்ணயப்படி வினாடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம். எங்கள் மாடிக்குக் கேட்ட பலகை 20 அடிக்கு 10 அடி. பதினெட்டரை சதுர மீட்டர். பெருக்கினால் 2,800 கிலோ! நாலு பழைய மாருதி கார் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளுவது போல என்றார். 40க்கு 20 என்றால் அதைப் போல நாலு மடங்கு, 11 டன். "காற்று பாதியாகக் குறைந்தால் அழுத்தமும் பாதிதானே?" என்று கேட்டேன். "இல்லை, கால் பங்காகும். அதனாலதான் சாதாரண நாளில் எதுவும் ஆகாது, எல்லோரும் தைரியமாக இருப்பார்கள்" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். பலகையின் சொந்தக் கனம் கீழ் நோக்கித் தளத்தை அழுத்தும், அதை வீடு தாங்கிவிடலாம். காற்று அடிக்கும்போது ஒரு வரிசைக் கால் தளத்தை அழுத்த, எதிர் வரிசைக் கால் தளத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வரப் பார்க்கும். நம் வீடுகள் எண்பதுகளில் கட்டியவை. ஒன்பது அங்குலச் சுவர், மேலே துணி காயப்போடவும் கோடையில் படுக்கவும் ஒரு தளம். முளைபோலப் பிடுங்கினால் தாங்கும் என்று அந்த மேஸ்திரி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

2016 டிசம்பர் 12, வர்தா அன்று எங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வரிசை மாடியில் இருந்த ஒரு பலகையின் ஃபிளெக்ஸ் முதலில் வயிறு மாதிரி உப்பியது, பிறகு நடுவில் வெடித்துக் கிழிந்து கொடிபோலப் பறந்தது. கிழிந்தது நல்லதாயிற்று. கிழியாத துணி, இரும்பையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும்.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் ஸ்கூட்டரில் போன பெண்ணின் மேல் விழுந்தது, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. 23 வயது. அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை, தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டியில் ராட்சதப் பலகை பொருத்திக்கொண்டிருந்தபோது காற்றில் இரும்புச் சட்டம் சரிந்து தொழிலாளிகள் மூன்று பேர் இறந்தார்கள். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் ஒரு பலகை பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேர் போனார்கள். அது ஏறக்குறைய 120க்கு 120 அடி. அந்த ஊர் மாநகராட்சி அனுமதிக்கும் அளவு 40க்கு 40. நின்றிருந்ததோ ரயில்வே போலீஸ் வசம் இருந்த இடத்தில். இடம் யாருடையது, அனுமதி யார் தர வேண்டும் என்கிற வாதம் நடந்துகொண்டே இருந்தது, பலகையும் நின்றுகொண்டே இருந்தது.

தமிழில் சட்டம் என்றால் இரண்டும்தான். இரும்பில் செய்வது ஒன்று, காகிதத்தில் செய்வது ஒன்று. நம்மவர்கள் முதலாவதை நிறுத்திவிட்டு இரண்டாவதைத் தேடுகிறோம்.

கருமத்தம்பட்டிக்குப் பிறகு அரசு அறிவித்தது இது: அனுமதி இல்லாமல் பலகை வைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும், உயிரிழப்பு நேர்ந்தால் வைத்த நிறுவனத்தின் மேல் மட்டுமல்ல, இடத்தின் உரிமையாளர் மேலும் நடவடிக்கை வரும். 2011இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது போரூர் வளசரவாக்கமெல்லாம் உள்ளே போயின, நாம் நகராட்சியாகவே நின்றோம். அதனால் சென்னை விதி நமக்கில்லை என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். அந்த ஆறுதல் வேண்டாம். 2023 ஏப்ரலிலிருந்து தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் நகராட்சிக்கும் சேர்த்துத்தான்.

இடத்தின் உரிமையாளர் என்றால் யார்? என் போன்றவன். அடுத்த தெருவில் இருக்கும் அந்த அம்மாள்.

அவருக்கு வயது எழுபதைத் தொடும். கணவர் தனியார் கம்பெனியில் இருந்தவர், பென்ஷன் கிடையாது. மாடியில் 20க்கு 10 பலகை ஒன்று நாலு வருடமாக நின்றது. "மகன் அனுப்பாத பணத்தை அந்தப் பலகை அனுப்புது சார்" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். மருந்து, கரண்ட் பில், பேத்திக்குப் பிறந்தநாள் கவுன் எல்லாம் அதிலிருந்துதான். எனக்கு விதியெல்லாம் தெரிந்திருந்தும் அவரிடம் போய் பலகையை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. எடுத்துவிட்டு என்ன செய்வார்?

பிறகு வாடகை நின்றது. முதலில் இரண்டு மாதம் தள்ளிப்போயிற்று, பிறகு போன் எடுக்கவில்லை, பிறகு நம்பரே இல்லை. மழை வந்ததும் படுக்கையறை மேல்தளத்தில் ஓதம். போல்ட் அடித்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒரு இடத்தில் காரை விழுந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. அப்போதுதான் அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் கவரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவரு. இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் ஆங்கிலத்தில் நாலு பக்கம். பதினொரு மாத ஒப்பந்தம். அதற்குப் பிறகு புதுப்பிக்கவே இல்லை. வாடகை எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதெல்லாம் முதல் பக்கத்தில் பெரிதாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: உள்ளாட்சி அமைப்பிடமிருந்து பெற வேண்டிய எல்லா அனுமதிகளையும் கட்டிட உரிமையாளரே பெற வேண்டும். அதற்குக் கீழே இன்னொன்று: மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. பலகையை யார், எப்போது, யார் செலவில் இறக்குவது என்று எங்கும் இல்லை. கட்டிட உறுதிச் சான்று என்ற பேச்சே இல்லை. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "அப்போ அது விழுந்தா நான்தானா சார்?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

ஒன்று செய்யலாம் என்றேன். ஒப்பந்தத்தில் இருந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் எழுதினேன். பதினைந்து நாளில் இறக்கிக்கொண்டு போகவும், தவறினால் உங்கள் பொறுப்பில் நாங்களே இறக்குவோம் என்று. ஒப்புகை அட்டையோடு போனது, 'விலாசதாரர் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். திரும்பி வந்த உறை, பிரிக்காத வரைக்கும்தான் சாட்சி. ஒரு நகலுடன் நகராட்சிக்கும் மனு எழுதி, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்கிக்கொண்டோம். அந்த இன்ஜினீயர் உறவினர் வந்து பார்த்து, ஐப்பசி மழைக்கு முன்னால் இறக்கிவிடுங்கள், காத்திருக்க வேண்டாம் என்றார்.

வெல்டிங் பட்டறைப் பையன்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வந்தார்கள். தெருவில் இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆளை நிறுத்தினோம். முதலில் ஃபிளெக்ஸைக் கிழித்து எடுத்துவிட்டு, மேலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்கினார்கள். பத்து மணிக்குள் முடிந்தது. பின்னங்கால்கள் இரண்டில் போல்ட் கையாலேயே கழன்று வந்தது. அந்தப் பையன் அதை என் கையில் கொடுத்து, "தாத்தா, இது இருந்ததும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான்" என்றான். வர்தாவுக்குப் பிறகு வைத்த பலகை அது. பெரிய காற்றை அது பார்த்ததில்லை.

இரும்பை எடை போட்டு எழுதி வைத்தோம். ஆறு மாதம் யாரும் உரிமை கேட்டு வரவில்லை, பழைய இரும்புக் கடைக்குப் போட்டார். கூலி போக மிஞ்சியது தளத்தின் ஓட்டைகளை அடைக்கச் சிமென்டுக்கே பற்றவில்லை. வாடகைக்குப் பதில் இப்போது முன்னறையை இரண்டு நர்ஸ் பெண்களுக்கு விட்டிருக்கிறார். வருமானம் கொஞ்சம் குறைவு, ராத்திரி பேச்சுத்துணை உண்டு.

என் வீட்டுக்கு வந்த இளைஞர் நல்ல பையன்தான். அவர் கொடுத்த மாதிரி ஒப்பந்தத்தையும் படித்துப் பார்த்தேன். எழுத்து வேறு, மூன்றாம் பக்கம் அதேதான். அனுமதி உங்கள் பெயரில் எடுங்கள், உறுதிச் சான்று உங்கள் செலவில் வாங்குங்கள், மூன்றாம் நபருக்கு இன்ஷூரன்ஸ் போடுங்கள், ஒப்பந்தம் முடிந்தால் முப்பது நாளில் இறக்குவோம் என்று எழுதுங்கள், அதற்கு ஒரு முன்பணம் கட்டுங்கள் என்று தாளின் ஓரத்தில் பென்சிலில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். "மேலே கேட்டுச் சொல்றேன் ஐயா" என்று போனார். அவரும் நம் ஆபீஸ் பாஷையைக் கற்றுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. வடாம் இந்த வருடமும் மாடியில்தான் காய்ந்தது.

படிப்பவர்களில் யாருக்காவது இதுபோல ஒரு தாள் வந்திருந்தால், ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்கி மகனோ மருமகனோ வரும் வரை வைத்திருக்க வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மூன்றாம் பக்கத்தோடு என்னிடம் கொண்டு வாருங்கள். மாலை நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.